சுடாமலே எரிக்கும் குட்டி மின்னல்கள்

வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைப் பக்கம் போனால் மூக்கைத் துளைக்கிற ஒரு வாசனை வரும். அதில் பெரும்பங்கு தின்னரிலிருந்து ஆவியாகும் டொலுவீன். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும்! ஆனால் தலைவலி, தலைசுற்றல் தரும். நரம்பு மண்டலத்தையே பாதிக்கும். அங்கே நாள் முழுக்க வேலை பார்ப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

அதை எரித்துவிடலாமே? எரிக்கலாம். ஒரு டொலுவீன் மூலக்கூறு 9 ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு சேர்ந்தால் 7 கார்பன் டை ஆக்சைடும் 4 நீரும் கிடைக்கும். சிக்கல் என்னன்னா, வெளியே வரும் காற்றில் டொலுவீன் துளிதான். வினையூக்கி வைத்தாலும் பொதுவாக 200, 300 டிகிரி சூடு வேண்டும். ஒரு பிடி கடலை வறுக்க ஒரு அண்டா மணலைக் காய்ச்சின கதைதான்!

இங்கேதான் பிளாஸ்மா வருகிறது. திட, திரவ, வாயு நிலைகளுக்கு அடுத்த நான்காவது நிலை. 1928-இல் இந்தப் பெயரை வைத்தவர் இர்விங் லாங்மியூர். பிளாஸ்மா என்றதும் சூரியன்தான் ஞாபகம் வரும். ஆனா பழைய டியூப் லைட்டுக்குள் எரிவதும் அதுதான். உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை சுமார் 10,000 டிகிரி; குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புதான். எலக்ட்ரான் ரொம்ப லேசு. வாயு அணுவில் மோதுவது, லாரியில் பட்டாணி மோதுவது மாதிரி. அதனால் தன் சூட்டை அதற்குக் கொடுக்க முடிவதில்லை.

இரண்டு மின்வாய்களுக்கு நடுவே ஒரு கண்ணாடியும் வைத்து, பல ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்சாரம் கொடுப்பார்கள். கண்ணாடி தடுப்பதால் பெரிய தீப்பொறி பாயாது. குட்டிக் குட்டி மின்னல்களாகப் பிரியும். ஓசோன் தயாரிக்க 1857-லேயே வெர்னர் வான் சீமென்ஸ் செய்த கருவி இந்த வகைதான். இதற்குள் அழுக்குக் காற்றை விட்டால், வேகமான எலக்ட்ரான்கள் ஆக்சிஜனையும் நீராவியையும் உடைக்கும். அந்தத் துண்டுகள் டொலுவீனைப் பிய்த்துவிடும். காற்று பெரிதாகச் சூடாகாது.

அப்போ வினையூக்கி எதுக்கு? பிளாஸ்மா தனியாகச் செய்தால் வேலை அரைகுறை. கார்பன் மோனாக்சைடு வரும், ஓசோனும் வரும். ஓசோன் வானத்தின் உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை, மூச்சில் போனால் நுரையீரலுக்கு எதிரி. ஒரு விஷத்தை எடுத்து இன்னொன்றை விட்டால் என்ன லாபம்?

அதனால் பிளாஸ்மாவுக்குப் பின்னால் மாங்கனீசு டை ஆக்சைடு வைப்பார்கள். ஆமாம், ஆய்வகத்தில் பொட்டாசியம் குளோரேட்டோடு சேர்க்கும் அதே கறுப்புப் பொடி! அதன் மேல் பட்டதும் ஓசோன் உடைந்து ஆக்சிஜன் அணு பிரியும். அந்த அணு, தப்பி வந்த டொலுவீனையும் தாக்கும். கழிவாக வந்ததையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

குறைகளும் உண்டு. பிசுபிசுப்பான படிவு சேர்ந்து வினையூக்கி மந்தமாகும். காற்றில் ஈரம் அதிகமானால் நீராவியே அதன் மேல் இடம் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டானால் இந்தப் பொடி மட்டும் போதாது. கரண்டுச் செலவு வேறு.

(எச்சரிக்கை: பல ஆயிரம் வோல்ட் விஷயம். வீட்டில் யாரும் செய்து பார்க்காதீங்க!)