கர்ப்பிணி பருகும் நீரும் பனிக்குட நீரும்

தாய் குடிக்கும் தண்ணீர் நேரே பனிக்குடத்தில் சென்று சேர்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசுவின் சிறுநீரேயாகும். அதனைச் சிசு விழுங்கியும் வருகிறது. (மாணவர் முகம் சுளிப்பர், ஆயினும் கூறியே ஆகவேண்டும்.) இந்நீர் 34 முதல் 36 வாரங்களில் ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் வரை உயர்ந்து, பின்னர்க் குறையும்.

தாய் போதிய நீர் பருகுங்கால் அவளது இரத்தத்தின் செறிவு தணிகிறது. அதனால் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்கு நீர் மிகுதியாகச் செல்கிறது. சிசுவின் சிறுநீரும் பெருகுகிறது. நீர் குறைந்திருந்த கர்ப்பிணிகள் 2 லிட்டர் தண்ணீர் பருகிய சில மணி நேரத்தில் பனிக்குட நீர் கூடியதை, 1991-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்து காட்டியது. ஆயின், இதனால் பிரசவம் நலமாக முடியும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

கோடையில் வயலில் உழைக்கும் பெண், ஒதுங்க இடமின்மையால் தாகத்தை அடக்கிக்கொள்வதுண்டு. அவளிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுமுன் கழிப்பிடத்தைப் பற்றி வினவுதல் நன்று. இருதய நோயோ சிறுநீரக நோயோ உடையவளுக்கு நீரின் அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும்.

நீர் கசிகிறது என்றோ, சிசுவின் அசைவு குறைந்தது என்றோ ஒருத்தி கூறின், தண்ணீர் பருகச் சொல்லி வீட்டில் இருத்துதல் பெரும்பிழை. பனிக்குடம் உடைந்திருக்கலாம். அவளை அப்பொழுதே மருத்துவமனைக்கு அனுப்புக.