அடைமழைக்கு முன் பேரல் ஆட்டத்தைப் பாருங்கள்

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த கையோடு ஏர் ரைபிளை மூலையில் சாத்திவிட்டவர்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் அதை ஒரு தடவை வெளியே எடுங்கள். பேரல்மேல் காய்ந்து கிடக்கும் சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியை மேலாக ஒரு இழுப்பு இழுங்கள். பொட்டு இருந்த இடம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் கார்த்திகையில் அதே வட்டத்தில் துரு உட்கார்ந்திருக்கும். அது முடிந்ததும் பேரலை ஆட்டிப் பாருங்கள். இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றித்தான்.

மெரினாவிலும் திருவிழாத் திடல்களிலும் பலூன் சுடும் கடை போடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வியாபாரம் எப்படியும் மந்தம்தான். காணும் பொங்கல் கூட்டம் வந்து நிற்கும்போது ரைபிளைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார முடியாது. பழுது பார்க்க இந்த மூன்று மாதம்தான் வாய்ப்பு.

குறி தப்பினால் எல்லோரும் முதலில் திருப்புவது சைட்டைத்தான். அது தலைகீழ் வேலை. மடக்கிக் குண்டு போடும் ரைபிளில் பேரலும் பாடியும் ஒரே ஒரு போல்டில் சேர்கின்றன. அந்தச் சேர்மானம் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தடவை மூடும்போதும் பேரல் வேறு வேறு இடத்தில் உட்காரும். அதற்கு ஏற்ப சைட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால் பெல்லட் டப்பா காலியாகும், குறி வராது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் போல்டிலிருந்து பேரல் நுனிவரை 45 செ.மீ. என்றால், நுனியில் 0.1 மி.மீ. ஆட்டம் 10 மீட்டர் தள்ளி இரண்டு மி.மீ.க்கு மேல் விலகலாகிவிடும். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் விட்டமே அரை மி.மீ.தான். பலூனுக்கு இரண்டு மி.மீ. பெரிதில்லை. ஆனால் கடை ரைபிள்களில் ஆட்டம் 0.1 மி.மீ.யோடு நிற்பதும் இல்லை.

பழைய மாடல்கள் பலவற்றில் முன் சைட், பின் சைட் இரண்டும் பேரல் மேலேயே இருக்கும். பேரல் சாய்ந்தால் சைட்டும் கூடவே சாயும். அதனால் வருஷக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. ஆசைப்பட்டு ஸ்கோப் வாங்கி மாட்டும் அன்றுதான் தெரியும், ஏனென்றால் ஸ்கோப் நிற்பது பாடிமேல், ஆடுவது பேரல். பாவம், பழி ஸ்கோப் மேல் விழும்.

தொடுவதற்கு முன் பாதுகாப்பு. பேரலை மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள், ஸ்பிரிங் இழுத்த நிலையில் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பேரல் திறந்திருக்கும்போது டிரிகர் பக்கம் விரல் போகவே கூடாது. இழுத்து வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் பேரல் மேல்நோக்கி அறையும், நடுவில் இருக்கும் விரல் போய்விடும். பேரலைத் திறந்த கை, மூடும்வரை அதைப் பிடித்தபடியே இருக்கட்டும். ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலை இந்தக் குறிப்பில் இல்லை. அழுத்துவதற்குரிய கிளாம்ப் இல்லாமல் வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

இப்போது ரைபிளை மடியில் கிடத்தி, பாடியை ஒரு கையாலும் பேரல் நுனியை மறு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசையுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஆட்டம் போல்டில். மேலும் கீழுமாக அசைத்தால்தான் சத்தம் வருகிறது என்றால், பேரலை மூடிய நிலையில் பூட்டி வைக்கும் லாக் தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். காதில் கேட்காத அளவு சின்ன ஆட்டம் என்றால் கட்டை விரலைப் பேரலும் பாடியும் சேரும் இடுக்கின்மேல் வைத்துக்கொண்டு அசையுங்கள். விரலுக்குத் தெரிந்துவிடும்.

போல்டுக்குப் போவதற்கு முன் மரக்கட்டையின் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். முன்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று, டிரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் உதைக்கும். அந்த உதையில் முதலில் தளர்வது இவைதான். கட்டை ஆடுவதைப் பேரல் ஆடுவதாக நினைத்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை இவற்றைத் தொட்டுப் பார்த்தால் பாதிப் புகார் அங்கேயே தீரும்.

ஆனால் மழைக்காலத்தில் இந்த ஸ்க்ரூக்களை முழு பலம் போட்டு இறுக்காதீர்கள். ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். இப்போது இறுக்கமாகத் தோன்றுவது மாசி வெயிலில் மரம் வற்றியதும் தானாகத் தளரும். இப்போதே மரம் நசுங்கும்வரை முறுக்கினால், அப்போது மறுபடி இறுக்க இடம் இருக்காது. ஸ்க்ரூ நின்ற இடத்தில் கால் சுற்றுக்கும் குறைவாக ஒரு அழுத்தம் போதும். பல்வைத்த வாஷர் காணாமல் போயிருந்தால் புதிது போடுங்கள். பிறகு ஸ்க்ரூ தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு விலகினால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியும்.

இனி நடுப்போல்ட். எல்லா ரைபிளிலும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு வகையில் போல்ட் தலையின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ ஒன்று அந்த வெட்டில் உட்கார்ந்து போல்டைத் திரும்பவிடாமல் காவல் நிற்கும். இன்னொரு வகையில் போல்ட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நட்டில் முடியும். மலிவு மாடல்களில் வெறும் பின் அடித்திருப்பார்கள். அதை இறுக்க வழியே இல்லை, சுத்தியலால் தட்டி அகலப்படுத்துவது வைத்தியமும் இல்லை. ஆட்டம் அதிகமானால் பட்டறையில் பேரலின் இருபுறமும் ஷிம் வாஷர் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

வெட்டு உள்ள வகையில் வேலை சுலபம். மரக்கட்டையின் கன்னம் போல்டை மறைத்திருந்தால் கட்டையைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் நுனி, போல்ட் தலையின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும். ஒல்லியான டிரைவரைப் போட்டால் பள்ளத்தின் ஓரம் பிய்ந்துவரும், அடுத்த தடவை எதுவும் பிடிக்காது. டிரைவரை அரத்தில் ராவி அளவாக்கிக்கொள்வது நல்லது. காவல் ஸ்க்ரூவை எடுங்கள். போல்டை ஒரே ஒரு வெட்டு மட்டும் முன்னால் திருப்புங்கள். காவல் ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டு, பேரலை அசைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு வெட்டு. நட் உள்ள வகையில் நட்டைத் தளர்த்தி, போல்டைக் கொஞ்சம் இறுக்கி, போல்ட் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்டுங்கள்.

அளவு சரியா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கட்டையைப் பூட்டி முடித்தபிறகு, வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து ஸ்பிரிங்கை இழுங்கள். பேரலைப் பிடித்த கையை எடுக்காமல் பிடியை மட்டும் இலகுவாக்குங்கள். வைத்த இடத்தில் நிற்கப் பார்த்தால் சரி. சொந்த எடையில் கீழே சரிந்தால் இன்னும் தளர்வு. நகர்த்தவே தம் கட்ட வேண்டியிருந்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், ஒரு வெட்டு பின்னால் வாருங்கள். அதிக இறுக்கமும் கெடுதல்தான். பக்கவாட்டு வாஷர்கள் அரைபடும், பேரல் முழுசாக மேலே வந்து லாக்கில் உட்காராமல் நிற்கும்.

போல்டைக் கழற்ற நேர்ந்தால் அந்த வாஷர்களில் மாலிப்டினம் கிரீஸ் ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் வீடுகளில் எதற்கும் கைக்கு வருவது அதுதான், ஆனால் மார்கழிப் பனியில் உறையும், நாளாவட்டத்தில் பிசினாகி மண்ணைப் பிடிக்கும். கடற்கரைக் கடையில் அதோடு மணலும் உப்பும் சேர்ந்தால் வாஷரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான்.

பேரலின் அடிவாயில் இருக்கும் சீலையும் இதே சமயத்தில் பாருங்கள். பழையவற்றில் தோல், புதியவற்றில் ரப்பர் ஓரிங். சிமென்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி செய்த ஏர் ரைபிள்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்த வயதுள்ள துப்பாக்கிகளில் சீல் தகடுபோலச் சப்பையாகியிருக்கும். டிஷ்யூ காகிதத்தில் ஒரு கீற்றை இணைப்பின்மேல் வைத்து, பெல்லட் போட்டு, தடுப்புப் பெட்டிக்குள் ஒரு சூடு சுடுங்கள். காகிதம் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. பெல்லட் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம், வெறும் சூடு பிஸ்டனைக் கெடுக்கும். புது ஓரிங் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் பேரல் லாக்கில் சரியாக உட்காராது, மேலும்கீழுமான ஆட்டம் அங்கிருந்தே தொடங்கும். அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும்.

பலூன் கடைகளில் லாக் இவ்வளவு சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் வாடிக்கையாளர்தான். சினிமாவில் பார்த்த மாதிரி பேரலை ஒரு வீச்சில் படாரென்று மூடுவார் ஒருவர், அடுத்தவரும் அதையே செய்வார். லாக்கின் முனை சிதையும், காலப்போக்கில் பேரலே வளையும். குண்டு போட்டு மூடிக் கொடுக்கும் வேலையைக் கடைக்காரரே வைத்துக்கொள்வது நல்லது. ஆடும் இணைப்பின்மேல் சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துச் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. அது ஆட்டத்தை நிறுத்தாது. மழை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்துத் துரு மட்டும் பிடிக்க வைக்கும். இருந்தால் இன்றே அவிழ்த்துப் போடுங்கள்.

முன் சைட்டுக்கு இரண்டே வார்த்தை. அதைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அதைப் பிறகு கழற்ற சூடு காட்ட வேண்டிவரும்.

கிளப்புகளில் இருக்கும் அழுத்தக் காற்று சிலிண்டர் ரைபிள்கள் வேறு ஜாதி. பேரல் மடங்காது, பாடிக்குள் குத்தி நிற்கும். தலையில்லாத சின்ன ஸ்க்ரூக்கள் அதைப் பிடித்திருக்கும். சிலிண்டரைக் கழற்றி, பேரலில் பாதுகாப்புக் கொடியைச் செருகிவிட்டு, முன் சைட், பேரல் எடை இரண்டின் ஸ்க்ரூக்களை மட்டும் நீங்கள் பாருங்கள். பாடிக்குள் ஆட்டம் என்றால் கிளப்பின் ஆயுதப் பராமரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். 200 பார் அழுத்தத்தில் விளையாட்டு வேண்டாம்.

எல்லாம் இறுக்கியானதும் உடனே சைட்டைத் தொடாதீர்கள். ஒரு இருபது பெல்லட் சுட்டு எல்லாம் படிந்தபிறகு ஸ்க்ரூக்களின் கோடுகளைப் பார்த்துவிட்டு, அப்புறம் சைட்டைச் சரிசெய்யுங்கள்.

மழை முடியும்வரை ரைபிளை ரெக்சின் உறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சிமென்ட் தரையில் படாமல் படுக்க வைத்தால் போதும். ஸ்பிரிங்கை இழுத்த நிலையில் வைக்கக் கூடாது. பேரலுக்குள் எண்ணெய் விட்டு நிமிர்த்தியும் வைக்காதீர்கள். அது பின்னால் வழிந்து காற்றறைக்குள் போனால், அடுத்த சூட்டில் அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றி வெடிக்கும், புகையும் வரும், சீலும் கெடும். கடற்காற்று படும் கடைக்காரர்கள் தினமும் கடை எடுத்து வைக்கும்போது வெளிப்பக்கம் எண்ணெய்த்துணி ஒரு துடைப்பு.

பட்டறைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். "அண்ணே, புது ஸ்பிரிங் போட்டு வேகம் ஏத்திக் குடுத்துடறேன்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூல் சக்தியும் தாண்டாத ஏர் ரைபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. தாண்டினால் அது வேறு கதை. எடுத்துப் போகும்போது பெல்லட் தனியாக, ரைபிள் உறைக்குள்ளே, வாங்கிய பில்லின் நகல் சட்டைப் பையில். போல்ட், வாஷர், ஓரிங் எதை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள், அடுத்த தடவை அளவுக்கு அதுதான் உதவும்.