உப்பு எங்கே போகிறது?

கொலைக்கதை எழுதுகிறவனுக்கு மாசு ஒரு மோசமான கொலையாளி. கத்தி எடுக்காது, கைரேகை விடாது, அவசரமும் படாது. பத்து வருடம் கிணற்றில் ஊறி, இன்னொரு பத்து வருடம் உடம்பில் ஊறி, கடைசியில் இறப்புச் சான்றிதழில் வேறொரு நோயின் பெயரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாத நாவல் வாங்குகிற வாசகரோ, பஸ் கிளம்புவதற்குள் ஒரு பிணமாவது விழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். நொய்யல் ஆற்றை வைத்து ஒரு த்ரில்லர் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது பதிப்பாசிரியர் கேட்ட முதல் கேள்வி: “வில்லன் யாரு சார்?” சாயத்தண்ணீர் என்றேன். “தண்ணிய எப்படி சார் அட்டையில போடுறது?” என்றார்.

நியாயமான கேள்வி. அதற்கு எனக்குப் பிடிபட்ட பதிலைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். விஷத்தின் பின்னால் போனால் கட்டுரைதான் வருகிறது. அதை ஒளிக்கிறவர்கள் பின்னால் போனால் கதை வந்துவிடுகிறது. மாசு மெதுவாகத்தான் பரவும். ஆனால் அதை மறைக்கும் வேலை எப்போதும் அவசர வேலை. அதிகாரியின் வண்டி வருவதற்குள் வால்வைத் திருப்ப வேண்டும், விடிவதற்குள் டேங்கர் லாரி திரும்ப வேண்டும், வாய்தாவுக்கு முன்பு ரெஜிஸ்டரில் பழைய தேதிகளை நிரப்ப வேண்டும். நமக்கு வேண்டிய கடிகாரம் அங்கேதான் ஓடுகிறது.

ஒளிப்பதைப் பற்றி எழுத வேண்டுமானால் எது ஒளிக்கப்படுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகப் போய் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது நொய்யல். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் ஆற்றின் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என் குறிப்பேட்டிலும் ஆரம்பப் பக்கங்கள் முழுக்கச் சிவப்பும் நீலமும்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டையிங் மாஸ்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “கலரு கண்ணுக்குத் தெரியுதுங்க, அதப் புடிச்சிரலாம். உப்ப எப்படீங்க புடிப்பீங்க?”

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். நம் சமையல் உப்பேதான், அல்லது சோடியம் சல்ஃபேட். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவது உப்பின் வேலை. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம். உப்பை எடுப்பதற்கு ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. ஒரு பக்கம் நல்ல தண்ணீரைத் தந்துவிட்டு, மறுபக்கம் அடர்ந்த உப்புநீரைத் தள்ளும். அதற்குப் பட்டறைகளில் ‘ரிஜெக்ட்’ என்று பெயர். ரிஜெக்டைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். செலவு கையைக் கடிப்பது இந்த இடத்தில்தான். காய்ச்சி முடித்த பிறகும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக மிஞ்சும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதையின் கேள்வி கிடைத்துவிட்டது. உப்பு எங்கே போகிறது? நிறம் நீங்கிய தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். தென்னையைக் கொல்வது அந்தத் தண்ணீர்தான். துப்பறியும் கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வாசகரைத் திசைதிருப்ப நான் தனியாகப் பொய்த் தடயம் ஜோடிக்கவே தேவையில்லை. நிறமே அந்த வேலையைச் செய்துவிட்டது. கதையில் பாதிவரை எல்லாரும் சிவப்புத் தண்ணீரைத் தேடி அலைகிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும், பேனா அளவுள்ள ஒரு டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு கிணறு கிணறாகப் போகும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் தெளிந்த தண்ணீரைச் சந்தேகிக்கிறாள். ஆகவே, எழுத உட்காருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு தொழிலின் ஒரே ஒரு செய்முறையைக் கடைசிக் கழிவு வரை தெரிந்துகொள்ளுங்கள். பத்துத் தொழிற்சாலைகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லா வில்லன்களும் ஒரே புகையைத்தான் விடுவார்கள்.

அடுத்தது சட்டம். மாசுக் கதைகளில் நாயகன் நள்ளிரவில் சுவரேறிக் குதித்து ஒரு பாட்டிலில் கழிவுநீரைப் பிடித்து வருவான், மறுநாள் நீதிபதி அதைப் பார்த்து அதிர்ந்துபோவார். நடைமுறையில் அந்தப் பாட்டிலுக்குக் காலணா மதிப்புக் கிடையாது. 1974-ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், 21-ஆம் பிரிவு: மாதிரி எடுக்கும் அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறைப்படி எடுக்காத மாதிரியின் முடிவு சாட்சியமாக நிற்காது. பலர் இதைக் கதைக்கு முட்டுக்கட்டை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது புதையல். திருட்டுப் பாட்டிலால் உண்மை தெரியுமே தவிர, அதை நிரூபிக்க முடியாது. கழிவு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதிகாரியை அந்த வாய்க்கால் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நோட்டீஸ் கையெழுத்தாகும் நேரத்துக்கும் பாட்டில் நிரம்பும் நேரத்துக்கும் நடுவே உள்ளே யாரோ ஒருவன் வால்வை நோக்கி ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தேன். கழிவு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்று அளக்கும் பிஓடி சோதனை இன்னொரு கடிகாரம்: நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் 3 நாள். மாதிரி ஆய்வகம் போய்ச் சேரும்வரை பனிக்கட்டிப் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியை ஏற்றிய வண்டி அவிநாசி ரோட்டில் நின்றுபோனால் துப்பாக்கி இல்லாமலே வாசகருக்கு வியர்க்கும்.

மழையும் அப்படித்தான். நம் கதைகளில் மழை பெய்தால் காதல் வரும். நொய்யல் கரையில் மழை பெய்தால், மறுநாள் ஆற்றில் நுரை பொங்குகிற படம் செய்தித்தாளில் வரும். வெள்ளத்தோடு வெள்ளமாகக் கலந்துவிட்டால் யார் விட்டது என்று எப்படிச் சொல்வது? என் வில்லன் வானிலை அறிக்கையை எந்த விவசாயியையும் விடக் கவனமாகப் பார்ப்பான். மாடியில் துணி காயப்போட்டிருக்கும் மனைவி மழை வருமா என்று கேட்க, அவன் மணியோடு சேர்த்துச் சொல்லும் காட்சிதான் அவன் மேல் முதல் சந்தேகத்தைக் கிளப்பும்.

இடம் தேர்வு பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்ததும் முடிவாகிவிட்டது. பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறக்கப்பட்ட அணை, கொஞ்ச காலத்திலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. அணை திறப்பதற்கு மாலை மரியாதையோடு காத்திருப்பது நம் வழக்கம். இங்கே கீழ்ப்பக்கத்து விவசாயிகள் அந்தத் தண்ணீர் தங்கள் வயலுக்கு வரக்கூடாது என்று போராடினார்கள். ஆயக்கட்டுதாரர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். இப்படித் தலைகீழாகிப் போன ஒரு நிலைமை எங்கே இருக்கிறதோ, அங்கே கதையின் நடுப்பகுதியை வைத்துவிடுங்கள்.

வில்லனிடம் நான் நிறைய நேரம் செலவழித்தேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன, அவற்றை நம்பி வெளியூர்களிலிருந்து வந்திருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேறினார்கள். இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் வில்லனை வெறும் மீசைக்காரனாக வரைந்தால் கொங்கு வாசகர் ஒருவரும் நம்பமாட்டார். என் கதையின் பட்டறை முதலாளி கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தவர், தொழிலாளி வீட்டுச் சீருக்கு முதல் ஆளாக வருபவர். அவர் பேசுகிற இடம் இது: “காய்ச்சற செலவ வெலையில சேத்துனா வெளிநாட்டுக்காரன் அடுத்த நாட்டுக்குப் போயிருவானுங்க. அப்பறம் நீங்க எம்பட பட்டறையப் பூட்டி, சாவிய ஆத்துலயா போடுவீங்க?” இதற்குச் சுடச்சுடப் பதில் சொல்ல நாயகனால் முடியவில்லை. முடியக்கூடாது. அவன் திகைக்கும் இடத்தில்தான் வாசகர் பக்கத்தைத் திருப்பாமல் ஒரு நிமிடம் நிற்பார்.

இந்தப் பாடத்தை இப்சன் 1882-இலேயே நாடகமாக எழுதிவிட்டார். ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீர் கெட்டுவிட்டது, காரணம் மேலே இருக்கும் தோல் பட்டறைகள். இதைக் கண்டுபிடிக்கும் டாக்டரை எதிர்ப்பவர் ஊரின் மேயர், அவருடைய சொந்த அண்ணன். சத்யஜித் ராய் 1989-இல் இதைப் படமாக்கியபோது மாசைக் கோயில் தீர்த்தத்துக்கு மாற்றினார்; ஊரே எதிரியாகிவிட்டது. பாலாற்றங்கரைத் தோல் பட்டறைகள் பற்றி எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். தமிழில் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’, இரா. முருகவேளின் ‘முகிலினி’ இரண்டும் த்ரில்லர் அல்ல, ஆனால் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன் படித்திருக்க வேண்டியவை.

ஒளிப்பதற்கு உலகத்தரமான உதாரணம் வேண்டுமென்றால் ஃபோக்ஸ்வேகன். சோதனைக்கூடத்தில் இருக்கிறோமா, சாலையில் ஓடுகிறோமா என்று காரே கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வெளியிட்டபோது, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை இருந்தது தெரிந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். முதல் நூலைப் பிடித்தவர்கள் போலீஸ்காரர்கள் இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு. கருவிகளைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நடிக்கத் தெரிந்த கார்! இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் நம்பியிருக்க மாட்டார்.

பருவநிலை மாற்றம் இதைவிடக் கஷ்டம். ஒளிப்பதற்கு ஒரு பட்டறை இல்லை, வானம் முழுக்கக் குற்றம் நடந்த இடம். இயந்திரத்தால் புயலை உண்டாக்கும் சதிகாரனைக் கொண்டுவந்து சமாளிப்பவர்கள் உண்டு. மைக்கேல் கிரைட்டன் 2004-இல் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தார், அதுவும் புவி வெப்பமாவதையே சந்தேகித்து. அந்த நாவலிலிருந்து வேகத்தைக் கற்றுக்கொள்ளலாம், விஞ்ஞானத்தை வேண்டாம். கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020-இல் வந்த நாவலை உத்தரப்பிரதேசத்தில் ஒரு வெப்ப அலையோடு தொடங்குகிறார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டினால் வியர்வை உலராது, நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான். எதிராளி எண் வடிவில் வந்துவிட்டான், எல்லைக்கோடும் கிடைத்துவிட்டது.

என் வழி இன்னும் சின்னது: பெரிய வானத்தை ஒரு மனிதர் ஓர் இரவில் எடுக்க வேண்டிய முடிவாகச் சுருக்குவது. சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1 இரவு வினாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்த இரவை வைத்து எழுதிய இன்னொரு கதையில் நான் அந்தச் சர்ச்சைக்குள் போகவில்லை. ஏரியின் பெயரையும் மாற்றிவிட்டேன். ஷட்டர் பக்கத்தில் நிற்கும் ஓர் உதவிப் பொறியாளர், ஏறிக்கொண்டே வரும் அளவுகோல், மேலதிகாரியின் கைப்பேசி எடுக்கப்படவில்லை, ஆற்றோரக் குடிசையில் அவருடைய தங்கை. ‘கார்பன்’ என்ற சொல் அந்தக் கதையில் ஓரிடத்தில்கூட வராது.

எண்கள் பற்றி ஒரு வார்த்தை. சேகரித்ததையெல்லாம் கொட்டும் ஆசை வரும். அத்தியாயத்துக்கு ஓர் எண் போதும், அதையும் அந்த எண்ணால் நஷ்டப்படுகிறவர் வாயில் வையுங்கள். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஆய்வக அதிகாரி சொன்னால் வாசகர் கொட்டாவி விடுவார். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் போட்ட போர்வெல் தண்ணீரில் மீட்டரை முக்கி, “நாலாயிரம் காட்டுதே, இது நல்லதுங்களா கெட்டதுங்களா?” என்று ஒரு விவசாயி கேட்டால் அதே வாசகர் பதறுவார்.

முடிவைப் பற்றிப் பதிப்பாசிரியரோடு பெரிய வாக்குவாதம். கடைசிப் பக்கத்தில் ஆறு சுத்தமாகி, நாயகன் அதில் குளிக்க வேண்டும் என்றார் அவர். திருப்பூர்க்காரர் ஒருவர் படித்தால் புத்தகத்தை ஜன்னல் வழியாக எறிவார் என்றேன். வழக்கு முடியலாம், பட்டறைக்குச் சீல் விழலாம். நூற்றிருபது பக்கத்தில் ஆறு தெளியாது. குற்றவாளி பிடிபட்ட பிறகு, அவருக்காகக் கழிவு ஏற்றிய டேங்கர் ஓட்டுநருக்கு வேறு மாவட்டத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வருவதோடு நிறுத்தினேன். “அப்ப ரெண்டாம் பாகம் உண்டா சார்?” என்று கேட்டு அவர் சமாதானமானார்.

கடைசியாக, ஆலைக்குப் பெயர் வைக்கும்போது ஜாக்கிரதை. சாமி பெயரோ பெண் பெயரோ எதை வைத்தாலும் நிஜத்தில் அந்தப் பெயரில் ஒரு பட்டறை இருக்கும். வக்கீல் நண்பரின் யோசனைப்படி பெயரே வைக்காமல், ஊர்க்காரர்கள் சொல்வது போல ‘வாய்க்கால் பட்டறை’ என்று விட்டுவிட்டேன். நாவல் வந்ததும் ஒரு வாசகர், அது எந்தப் பட்டறை என்று தனக்குத் தெரியும் என எழுதினார். அடுத்த வாரமே இன்னொருவர் அதே உறுதியோடு வேறொரு பட்டறையைச் சொல்லி எழுதியிருந்தார்.