புதைகுழாயின் தகைவும் திரிபுமானியும்

1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய எரிவாயு ஆணையத்தின் முதற்பெரும் பணி, ஹஜீரா–விஜய்பூர்–ஜகதீஷ்பூர் குழாய்வழியாகும். அவ்வழி குஜராத், மத்தியப் பிரதேச மாநிலங்களைக் கடந்து செல்கிறது. அங்குப் பரவலாகக் காணப்படும் கரிசல் மண் மழையில் உப்பும்; கோடையில் சுருங்கி வெடிக்கும். இத்தகைய நிலத்தில் புதைந்த குழாய், உள்ளழுத்தத்துடன் மண்ணின் அசைவையும் தாங்க வேண்டும். அதனால் விளையும் தகைவை நேரடியாக அளக்க இயலாது. திரிபை அளந்து கணக்கிடுவதே வழி.

திரிபுமானி என்பது குழாயின் மேல் ஒட்டப்படும் மெல்லிய மின்தடைத் தகடு. எஃகு நீண்டால் அதுவும் நீண்டு மின்தடை மாறும். ஓரிடத்தில் சுற்றுத்திசையில் ஒன்றும் நீளத்திசையில் ஒன்றும் ஒட்டுதல் வேண்டும்.

750 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. சுவர்த்தடிப்பும் உள்ள குழாயில் அழுத்தம் சதுர மி.மீட்டருக்கு 8 நியூட்டன் எனக் கொள்வோம். சுற்றுத்தகைவு 200 நியூட்டன். இருபுறமும் மண் இறுகப் பிடித்திருப்பதால் குழாய் நீளவோ குறுகவோ முடியாது. ஆகவே சுற்றுத்திசை மானி பத்து லட்சத்தில் 910 பங்கும், நீளத்திசை மானி சுழியும் காட்டும். திரிபை யங் குணகத்தால் (2 லட்சம் நியூட்டன்) பெருக்கினால் போதும் என எண்ணுவோர் 182, சுழி என்ற விடைகளைப் பெறுவர். இரண்டும் பிழை. ஒரு திசைத் திரிபுடன் மறுதிசைத் திரிபின் 0.3 பங்கைக் கூட்டி, யங் குணகத்தால் பெருக்கி, 0.91-ஆல் வகுத்தல் வேண்டும். அப்போது சுற்றுத்தகைவு 200 எனவும் நீளத்தகைவு 60 எனவும் கிடைக்கும். மானி சுழி காட்டிய திசையிலும் தகைவு உண்டு என்பதை மாணவர் கருத்திற் கொள்க.

வெப்பம் வேறொரு சிக்கல். அமுக்கி நிலையத்திலிருந்து வரும் வாயு குழாயை 40 பாகை சூடாக்கினால், விரிய இயலாத எஃகில் 96 நியூட்டன் அமுக்கத் தகைவு தோன்றும். நீளத்தகைவு 60-லிருந்து −36 ஆகிவிடும். குழாயின் நீளம் மாறவில்லை. அளவுகோலுக்கு எதுவும் புலப்படாது. ஆயினும் அதே வெப்பத்தில், கட்டற்ற எஃகுத் துண்டொன்றில் ஒட்டிய ஈடுசெய் மானியுடன் ஒப்பிட்டால் −480 பங்கு பதிவாகும், சுற்றுத்திசையில் 1054. முன்கூறிய விதி அவ்விரண்டிலிருந்தும் 200, −36 என்னும் தகைவுகளைச் சரியாகத் தரும். ஈடுசெய் மானியை வெயிலில் கிடத்திவிட்டுக் குழியிலுள்ள குழாயை அளந்தால் கணக்கு முழுவதும் வீணே.

மானி, ஒட்டிய நாளுக்குப் பிந்திய மாற்றத்தையே அறியும். இயங்கும் குழாயில் குழி தோண்டி ஒட்டுவோர், அன்றைய அழுத்தத்தையும் வெப்பத்தையும் பதிந்து, அவற்றால் ஏற்கெனவே விளைந்த தகைவைத் தனியே கணக்கிட்டுச் சேர்த்தல் வேண்டும். முந்தைய மண்ணசைவால் நேர்ந்த வளைவு இதில் அடங்காது. அதனை அறியச் சிறுதுளையிட்டு எஞ்சிய தகைவை அளக்கும் முறை உண்டு. ஆனால் வாயு ஓடும் குழாயில் துளையிட ஒப்புதல் எளிதில் கிட்டுவதில்லை. எனவே புதிய குழாய்வழிகளில், சரிவு நிலங்களிலும் கரிசல் நிலங்களிலும், குழாயைப் பள்ளத்தில் இறக்குமுன்பே மானிகளை ஒட்டிச் சுழி அளவைப் பதிந்துகொள்வது நன்று.