பூக்கார அக்காவுக்கு ஒரு கியூஆர்: கூட இருந்து செய்துகொடுப்பது எப்படி?

"ஸ்கேன் பண்ணிக்கலாமாக்கா?" என்று கேட்டால், பூக்காரர் பக்கத்து மளிகைக் கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கைகாட்டுகிறார். பணம் மளிகைக்காரர் கணக்குக்குப் போகிறது. ராத்திரி கடை அடைக்கும்போது அவர் கூட்டிப் பார்த்து ரொக்கமாகக் கொடுக்கிறார். யுபிஐ வந்தது 2016-ல். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பூ விற்ற காசு இன்னொருவர் பெயரில் வரவாகிறது. மகளிர் குழுவினர், வணிகர் சங்கத்து இளைஞர்கள், தினமும் பூ வாங்குகிறவர் என யார் வேண்டுமானாலும் இதை மாற்றலாம். ஒரு மதியமும், ஒரு வாரம் கழித்து இன்னொரு மதியமும் ஒதுக்கினால் போதும்.

காலையும் மாலையும் வியாபார நேரம். இரண்டு மணிக்கு மேல் போய் உட்காருங்கள். போனை வெளியே எடுக்க வேண்டாம். இதுவரை ஏன் வைக்கவில்லை என்று கேட்டு, அவர் சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள்.

பெரும்பாலும் வரிப் பயம்தான் முதலில் வரும். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறுகடைக்காரர்கள் பலருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. பெங்களூருவில் பல கடைகள் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதிவைத்தன. ஆகவே "அதெல்லாம் ஒண்ணும் வராதுக்கா" என்று சமாதானம் சொல்லாதீர்கள். கணக்கைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவரின் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஒரு நாள்கூட விடாமல் கடை திறந்தாலும், தினம் 11,000 ரூபாய் அளவுக்கு விற்றால்தான் அந்த எல்லை வரும். டிபன் கடைக்கு 20 லட்சம். காசாக வந்தாலும் போனில் வந்தாலும் எல்லை ஒன்றுதான். காய்கறி, கீரை என வரியில்லாத சரக்கை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. எல்லையை ஒட்டி இருப்பவரை முதலில் ஆடிட்டரிடம் கூட்டிப்போங்கள்; ஸ்டிக்கர் அப்புறம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. கடைக்கென்று தனிக் கணக்கு இருக்கட்டும். மகன் அனுப்பும் பணமும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் விழுந்தால், பின்னால் எது விற்பனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. முழு கேஒய்சி கொடுக்காமல் திறந்த சிறு கணக்கு என்றால் ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். கணக்கில் அவருடைய போன் எண்தான் இருக்க வேண்டும், உங்களுடையது கூடாது.

பிறகு வணிகர் கியூஆருக்குப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பது 2020 ஜனவரி 1 முதல் கிடையாது. ஆனால் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை இருக்கலாம். எவ்வளவு, எந்தத் தேதியில் பிடிப்பார்கள் என்று ஏஜெண்டிடம் அவர் முன்னாலேயே கேளுங்கள். வரவு உடனே கணக்கில் ஏறுமா, மறுநாள் ஏறுமா என்பதையும் கேளுங்கள். விடிவதற்கு முன்னால் கோயம்பேட்டில் சரக்கெடுக்க நிற்பவருக்கு, காலை பத்து மணிக்கு வரும் பணத்தால் பயனில்லை.

ஸ்டிக்கர் ஒட்டியதும் ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டுங்கள். சவுண்ட் பாக்ஸ் தமிழில் சொல்லும்படி வைத்துக்கொடுங்கள். பிறகு சொல்ல வேண்டியவை மூன்று. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்பவர் திருடர். வாடிக்கையாளர் நீட்டும் திரையை நம்பக் கூடாது, போலிச் செயலியிலும் பச்சை டிக் வரும். பெட்டி சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம். காலையில் கடை திறந்ததும் ஸ்டிக்கரை ஒருமுறை ஸ்கேன் செய்து தன் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். அந்த எண்ணை வண்டியிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

ரொக்கத்தை விடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரண்டும் இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்துப் போகும்போது வரவுப் பட்டியலை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். தண்டலுக்கு வாங்கித் தினமும் கட்டுபவருக்கு அந்தப் பட்டியல் வேறொரு வழியைத் திறக்கும். 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிகளுக்கு அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் அடுத்த முறை கூடுதல் தொகை தருவார்கள். டிஜிட்டலில் வரவு வைத்தால் கேஷ்பேக்கும் உண்டு. விண்ணப்பத்தை அன்றைக்கே அவரோடு சேர்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.