குதிரைப் பந்தயமும் நடுவரின் அமானிதமும்

குதிரைப் பந்தயம் என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். பணம் கட்டித் தோற்று, குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர்களின் கதைகளைக் கேட்டிருப்பதே அதற்குக் காரணம். அந்த வெறுப்பு நியாயமானதே. ஆனால் மார்க்கம் விலக்கியது ஓட்டத்தின் மீது கட்டப்படும் சூதைத்தான், ஓட்டத்தை அல்ல. நம் ஃபிக்ஹு நூல்களில் 'முஸாபகா' என்று இதற்குத் தனிப்பாடமே உண்டு. இம்மாதம் அப்பாடத்தை எடுத்துக்கொள்ள நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்வோம்.

மதீனாவில் நடந்த பந்தயம்

நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற செய்தி. பந்தயத்திற்கென்று பக்குவப்படுத்தப்பட்ட குதிரைகளை ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பக்குவப்படுத்தப்படாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஓடவிட்டார்கள். அது ஒரு மைல். இதை அறிவிக்கும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் சவாரி செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீனியை அளந்து கொடுத்து, வியர்க்க வைத்து, உடல் இறுகச் செய்யப்பட்ட குதிரையோடு சாதாரணக் குதிரையை அவர்கள் மோதவிடவில்லை. பந்தயம் தொடங்குமுன்பே நீதி தொடங்கிவிட்டது. புறப்படும் இடமும் முடியும் இடமும் தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு குதிரைக்கும் முந்துவதற்கு வாய்ப்பு இருக்க வேண்டும் என்று நம் இமாம்கள் நிபந்தனையிட்டதும் இதனால்தான்.

சவாரி செய்பவரின் ஒழுங்கு

பந்தயத்தில் 'ஜலப்' இல்லை, 'ஜனப்' இல்லை என்பது ஹதீஸின் கருத்து. குதிரையின் பின்னால் ஆளை விட்டுக் கூச்சலிட்டும் விரட்டியும் அதை ஓடச் செய்வது ஜலப். பக்கத்தில் வேறொரு குதிரையை ஓட்டி வந்து, ஏறியது களைத்ததும் அதில் தாவிக்கொள்வது ஜனப். இரண்டும் தடுக்கப்பட்டவை. ஏனெனில் முந்துவது குதிரையின் ஆற்றலாலும் சவாரியின் திறத்தாலுமே இருக்க வேண்டும், தந்திரத்தால் அல்ல.

குதிரைக்கும் ஹக்கு உண்டு. கால்நடைகளின் முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். முரட்டு ஒட்டகத்தில் ஏறிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் மென்மையையே போதித்தார்கள். வெற்றி வெறியில் வாயில்லாப் பிராணியை வதைப்பவனுக்கு மறுமையில் கேள்வி உண்டு.

கோட்டருகே நிற்பவர்

நடுவரைப் பற்றி ஒரு செய்தி தாரகுத்னீ, பைஹகீ ஆகியோரின் நூல்களில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்றாலும் ஃபிக்ஹு அறிஞர்கள் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பந்தயப் பொறுப்பு அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் ஸுராகா (ரலி) அவர்களை அழைத்து, தம் கழுத்தில் இருந்த பொறுப்பை அவருடைய கழுத்தில் வைத்ததாகக் கூறினார்கள். புறப்படும் இடத்தில் குதிரைகளை வரிசையாக நிறுத்த வேண்டும். கடிவாளத்தைச் சரிசெய்ய வேண்டியவர், மேல்விரிப்பைக் களைய வேண்டியவர் எவரும் உண்டா என மூன்று முறை கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் மும்முறை தக்பீர் சொல்லி, மூன்றாவதில் ஓடவிட வேண்டும்.

முடியும் இடத்தில் ஒரு கோடு. அதன் இரு முனைகளிலும் இருவர் எதிரெதிரே நிற்க, குதிரைகள் அவர்களுக்கு நடுவே கடந்து செல்லும். காது நுனியளவு முந்தினாலும் முந்தியதே. சந்தேகம் வந்தால் பரிசை இருவருக்கும் பங்கிட வேண்டும். ஒருவரை நிறுத்தாமல் இருவரை நிறுத்தியதைப் பாருங்கள். ஒருவர் கண் தவறவிட்டதை மற்றவர் கண் பிடிக்கும். ஒருவர் மனம் சாய்ந்தாலும் மற்றவர் சாட்சியாக இருப்பார்.

இக்காலப் பந்தயங்களில்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் சின்னஞ்சிறு ஊர்களிலும் குதிரைப் பந்தயம் நடக்கிறது. நூறு பேர் அளவே வசிக்கும் பேர்ட்ஸ்வில் என்னும் ஊரில் 1882-இல் தொடங்கிய பந்தயம் புகழ்பெற்றது. இத்தகைய ஊர்களிலும் 'ஸ்டூவர்டு' எனப்படும் நடுவர்களின் மேற்பார்வை உண்டு. சவாரி செய்யும் ஜாக்கியை ஓட்டத்திற்கு முன் எடை பார்க்கிறார்கள். முடிந்து இறங்கியதும் மறுபடியும் பார்க்கிறார்கள். எடை சரி என்று அறிவிக்கும் வரை வெற்றி உறுதியாகாது. ஒருவர் மற்றவரின் வழியில் குறுக்கிட்டதால்தான் முந்தினார் என்று தெரிந்தால் இடங்கள் மாற்றப்படும். கவனமின்றிக் குறுக்கே ஓட்டிய ஜாக்கியைச் சில நாட்கள் சவாரி செய்யாதபடி தடுத்து வைக்கிறார்கள். கடைசி 100 மீட்டருக்கு முன் சாட்டையை ஐந்து முறைக்கு மேல் ஓங்கக் கூடாது. ஜாக்கி பந்தயத்தில் பணம் கட்டவும் கூடாது.

அங்கே சூது நடக்கிறது; ஆகவே நாம் அதன் பக்கம் போக முடியாது. பரிசை அரசோ, மூன்றாமவரோ, போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டுமோ கொடுத்தால் கூடும். இருவரும் பணயம் வைத்தால், ஒன்றும் வைக்காத மூன்றாவது குதிரை அவ்விரண்டுக்கும் நிகராக இடையில் ஓடினாலன்றிக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்கள் கட்டும் பணம் சந்தேகமற்ற ஹராம். ஆனால் நம் மனத்தை உறுத்துவது வேறு. பணம் கட்டியவன் ஏமாறக் கூடாது என்பதற்காக அவர்கள் இத்தனை காவல் போட்டிருக்கிறார்கள். அல்லாஹ் பார்க்கிறான் என்று ஈமான் கொண்ட நாம் எத்தனை காவல் போட்டிருக்கிறோம்?

நம் குற்றம்

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். ஓர் ஊரில் மதரஸா ஆண்டுவிழாவில் சிறுவர்களின் ஓட்டப்பந்தயத்திற்கு நம்மை நடுவராக நிறுத்தினார்கள். கோட்டை நெருங்கும்போது, பின்தங்கிய சிறுவன் முன்னால் ஓடியவனின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு முந்தினான். நாம் கண்ணால் கண்டோம். இழுத்தவன் விழாவுக்குப் பெரும்பொருள் கொடுத்தவரின் மகன். நாம் வாய் திறக்கவில்லை. பரிசும் கொடுத்தாகிவிட்டது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு பேனாவும் புத்தகமும் வாங்கிக்கொண்டு தோற்ற சிறுவனின் வீட்டுக்குப் போனோம். அவனுடைய தாயார் கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னார்: "பரிசு வேண்டாங்க ஹஜ்ரத். எம் புள்ள தோக்கலைன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிடுங்க, அது போதும்."

கிதாபு ஓதிய நமக்கு அந்தத் தாய் பாடம் சொன்னார். பறித்தது மானம், பொருளைக் கொடுத்து அதை ஈடு கட்ட முடியாது. வந்த வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் எழுந்து, இழுத்த பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், தவறு நடுவரான நம்முடையதே என்றும் முந்தியவன் யார் என்றும் அறிவித்தோம். கொடையாளர் சில நாட்கள் நம்மோடு பேசவில்லை. பிறகு அவரே மகனை அழைத்துப் போய் அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது நடுவர் நீங்கள்தான். சொந்தப் பிள்ளைக்காகக் கோட்டை நகர்த்தாதீர்கள். தோற்றுவிட்டு அழும் பிள்ளைக்கு அள்பாவின் கதையைச் சொல்லுங்கள். எவராலும் முந்த முடியாத நாயகம் (ஸல்) அவர்களின் அந்த ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் ஒட்டகம் முந்தியது. தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று கூறி அவர்களைத் தேற்றினார்கள் நம் நாயகம். முந்தியவரின் வெற்றியை மறுக்கவில்லை.

நீதியோடு தீர்ப்பளிக்கவும், தவறினால் வெட்கப்படாமல் திருத்திக்கொள்ளவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.