பேடியாடலை வகுப்பில் படிக்கும் முறை



சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்று கற்பிக்கும் வகுப்பு, கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடலைப் பெயர் வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு நகர்ந்தால், அவற்றுள் ஒன்றான பேடியாடல் ஆண், பெண் என்ற எல்லை பற்றி எழுப்பும் கேள்வி மாணவரைச் சென்றடைவதே இல்லை. வாணாசுரன் நகரில் சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்பதற்காகக் காதல் கடவுளான காமன் ஆண்மைக் கோலம் நீங்கிப் பெண்மை கலந்த பேடிக் கோலம் பூண்டு ஆடியது அது; அதைப் புகாரில் ஆடிக் காட்டுபவளோ ஒரு பெண்.

அக்கேள்வியை அணுக உதவும் பால்புதுமைக் கோட்பாடு என்பது, ஆண் இப்படி, பெண் இப்படி, காதல் இவ்விருவருக்கிடையே மட்டும் என்று இயற்கைபோல் நிலைத்துவிட்ட வரையறைகள் எவ்வாறு உருவாயின, எங்கே நெகிழ்கின்றன என்று கேட்டுப் படிக்கும் முறை. பழைய பாத்திரங்களுக்கு இன்றைய அடையாளப் பெயர்களை ஒட்டுவது அதன் வேலை அன்று. காமனைத் திருநங்கை என்று விடைத்தாளில் எழுதினால் அது அவசர வாசிப்பே.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையை உடன்வைத்துப் படிப்பது இன்னும் பயன் தரும். அங்கே அதே ஆடல் தெருவில் நிகழ்கிறது. சுருண்ட தாடி, பவளச் செவ்வாய், வெண்தோடு ஆகிய மூன்றும் ஒரே முகத்தில் இருக்க, மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் தாடியை மறைக்காமல் முதலிலேயே காட்டுகிறார், நின்று பார்க்கும் கூட்டத்தையும் காட்டுகிறார். அக்கூட்டத்தின் பார்வை வியப்பா, ரசனையா, ஏளனமா என்பதே வகுப்பில் நெடுநேரம் விவாதிக்கத் தக்கது.

இக்காப்பியங்களை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் சுவடிகள் சென்னைப் பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில்தான் இருக்கின்றன என்பதால், மயிலாப்பூர், அடையாறு மாணவருக்கு இக்காப்பியங்கள் தொலைவானவை அல்ல. சென்னை மேடைக்கும் ஆண் ஒருவர் பெண் வேடம் ஏற்பது புதிதன்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் அவருக்கு இணையாக நாயகி வேடம் ஏற்றுப் புகழ்பெற்ற ரங்கவடிவேலு ஓர் ஆண். அந்தக் கலையைப் போற்றிய ஊர், நடையிலோ குரலிலோ பெண்மை தெரியும் மாணவனை ஏன் கேலி செய்கிறது என்ற கேள்வி பாடத்துக்கு வெளியே உள்ளதன்று.

சென்னை உயர்நீதிமன்றம் பால்புதுமையினர் உரிமை குறித்த சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வழியாகவும் பாலின, பாலீர்ப்பு வேறுபாடுகள் குறித்த விழிப்புணர்வு ஏற்பட வேண்டும் என்றது. ஆயினும் சுற்றறிக்கையைவிட நல்ல பாடவேளையே ஆழமாகச் செல்லும். பேடி என்ற சொல் இன்று வசையாக வழங்குவதை ஆசிரியர் முதலிலேயே எடுத்துரைக்க வேண்டும். வகுப்பில் நடிக்கும் வேடங்களைப் பால் பார்த்து அன்றிக் குரலும் விருப்பமும் பார்த்துப் பகிர வேண்டும். பாடம் நடக்கும்போது எந்த ஒரு மாணவர் பக்கமும் வகுப்பின் கண்கள் திரும்பாதபடி காக்க வேண்டும்.